இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை

எங்கள் பிளாக்கை நெருங்கும்போது
இலகு ரயிலின் சன்னல்கள் தாமாகப் பால்நிறமாகும்.
உள்ளே யார் நிற்கிறார்கள், எனக்குத் தெரியாது.
கழியில் என்ன காய்கிறது, அவர்களுக்குத் தெரியாது.
புக்கிட் பாஞ்சாங்கில் இப்படித்தான்
ஒருவரையொருவர் மதிக்கிறோம்.

மேசையில் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய
இரண்டாம் கை மடிக்கணினி. அதில் டெபியன்.
விண்டோஸ் அவனோடு போயிற்று,
மீன்தொட்டி, சோஃபா, அரிசிக் குக்கர் என்று
கையெழுத்திட்ட பட்டியலின் வரிசைப்படி.
பட்டியலில் ஏறாமல் விட்டது நேத்ராவின் படங்கள்:
எட்டு வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி,
பொங்கோலில் அவன் அலமாரிமேல்
ஒரு வட்டில் சுழல்கின்றன.
இரண்டு வழக்கறிஞர்களுக்கும்
அப்படியொரு பத்தி தோன்றவில்லை.

"சுரங்கம் போட்டுத் தருகிறேன், எடுத்துக்கொள்"
என்று எழுதினான் கிருபாகரன்.
அவன் அப்படித்தான்.
கதவைத் திறப்பதைவிடச்
சுரங்கம் தோண்டுவது அவனுக்கு எளிது.

வயர்கார்டை நிறுவ
ஒரே ஒருமுறை 'ஆம்' என்றேன்.
திருமணப் பதிவகத்தில்
இதைவிட அதிகமுறை கேட்டார்கள்.

இரண்டு சாவிகள் பிறந்தன.
ஒன்று ஊருக்கு. ஒன்று எனக்கு.
நாள் முழுக்க நின்ற கால்வலியில்
எனக்கானதை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

நாற்பத்து நான்கு எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி.
உடனே இரண்டு நீல டிக்.
"இது உன் அந்தரங்கச் சாவி.
நான் பார்க்கவில்லை.
அழித்துவிட்டு வேறு செய்."

பார்க்காமல் எப்படித் தெரிந்தது
என்று தட்டினேன்; அழித்தேன்.
எத்தனையோ குறை உண்டு அவனிடம்.
என் கைப்பையை அவன் திறந்ததே இல்லை.

வேறு செய்தேன்.

இணைப்பைக் கிளப்பியதும் திரை திட்டியது:
இந்தக் கோப்பை உலகமே படிக்கலாம்.
அறுநூறு என்று ஓர் எண் கொடுத்தேன்.
உலகம் விலகிக்கொண்டது.

கடைசிக் கைகுலுக்கல்: ஏழு நொடிக்கு முன்
என்றது அடுத்த வரி.
இல்லை.
குடும்ப நீதிமன்ற மின்தூக்கி வாசலில்,
பிப்ரவரியில்,
ஒருவர் கை சில்லிட்டிருந்தது,
யாருடையது என்று இப்போது நினைவில்லை.

கோப்புறைகளின் பெயர்கள் வந்தன.
படங்கள் வரவில்லை.
சின்னதெல்லாம் போய் வருகிறது,
பெரியது எதுவோ எங்கோ நிற்கிறது.

"பழைய வீட்டுக் கார்பார்க்கில்
மஞ்சள் கம்பி தொங்குமே, இரண்டு மீட்டர் என்று,
சோஃபா லாரி மாட்டியதே.
அதேதான்.
பொட்டலத்தைச் சிறிதாக்கு."

லாரி எனக்கும் நினைவிருக்கிறது.
ஓட்டுநர் இறங்கி வந்து
நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார்.
நாங்கள் இருவரும்
எதற்கென்று தெரியாமல் கைதட்டினோம்.

ஆயிரத்து நானூற்று இருபதை
ஆயிரத்து இருநூற்று எண்பதாக்கினேன்.

முதல் படம்:
நேத்ரா, விழுந்த பல் உள்ளங்கையில்,
மூலையில் கலங்கலாக என் கட்டைவிரல்.
பிறகு வந்துகொண்டே இருந்தன.
நான் தூங்கிவிட்டேன்.

விடியும்போது ரயில் தொடங்கியிருந்தது.
எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.
அவனிடமிருந்து ஒரு செய்தி, நள்ளிரவு கடந்து:
"முடிந்ததும் அந்த இருபத்தைந்தை எடுத்துவிடு,
இனி தேவையில்லை."

இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை
என் கணினி அவன் கணினிக்கு
ஒரு வெற்றுப் பொட்டலம் அனுப்பும்.
உள்ளே ஒன்றுமில்லை.
இடையிலிருக்கும் ரவுட்டர்
எங்களை மறக்காதிருக்க மட்டும்.

கோப்பைத் திறந்தேன்.
வரியை அழிக்கவில்லை,
முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டேன்.
இனி அதைக் கணினி படிக்காது.
நான் படிக்கலாம்.

நேத்ராவை எழுப்பப் போனேன்,
ஏழரைக்குப் பள்ளி.