நாற்பத்தேழாம் இதழ்

முதலில் அந்தச் சிவப்பைச் சொல்லிவிடுகிறேன்.
புத்தகத்தில் ஈயக்காலனின் உதட்டுச் சாயம்
உதட்டில் இருக்காது,
இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் கிடக்கும்.
மலிந்த அச்சு. கோடு ஓரிடம், மை ஓரிடம்.
திரையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.
அப்போதே எனக்குப் பாதிப் படம் விட்டுப்போயிற்று.

மூக்கும் சின்னது.
கடலடியில் அவன் ஈயக் காலணியோடு நடக்கிறான்,
சேறு கலங்கவில்லை.
ஆனால் நான் பொறுத்திருந்தேன்
நாற்பத்தேழுக்காக.

நாற்பத்தாறு முடிந்த இடம் இது:
ஆழத்தில் அவன்; மேலே படகில்
காற்றுப் பம்பைச் சுற்றும் ஷிமே;
கடைசிக் கட்டத்தில் ஒரு கை, ஒரு கத்தி,
அறுபடும் குழாய்.
தொடரும்.

தொடர்ந்தது, எனக்கில்லை.
அது தொண்ணூற்று மூன்று, நோவி சாத், டிசம்பர்.
அப்பாவின் சம்பளம் அரை மூட்டை உருளைக்கிழங்கு.
காலையில் மிலுட்டினின் பெட்டிக்கடையில் விலை கேட்டு
வீட்டுக்கு ஓடிப் பணம் அள்ளி வருவதற்குள்
விலையில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தது.
மறுபடி ஓடினேன்.
திரும்பியபோது கடையே மூடியிருந்தது.

நாற்பத்தெட்டு எப்படியோ கிடைத்தது.
அதில் ஈயக்காலன் ஒரு சமையலறையில்
தலைக்கட்டோடு சூப் குடிக்கிறான்.
ஷிமே இல்லை.

டுன்யாவுக்கு ஆறு வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது.
"நடுவில் என்னாச்சு?"
எனக்குப் பத்து வயது. தெரியாது என்று சொல்லத் தெரியாது.
குழாய் நங்கூரத்தில் சிக்கிக்கொண்டது என்றேன்.
ஷிமே கவசமின்றிக் குதித்தான் என்றேன்,
தானே அறுத்து, தன் மூச்சை ஊதிக் கொடுத்து
நண்பனை மேலே தள்ளினான் என்றேன்.
"அவன்?"
அவன் வரவில்லை.

மூன்று நாள் அழுதாள்.
இருபத்து நான்கு வருடம் கழித்து
இந்த ஊரில் யாரும் வைக்காத அந்தக் கடற்கரைப் பெயரை,
கடற்கரை வேறு நாடாகிப்போன பிறகு,
மாமியார் முகம் சுளிக்கச் சுளிக்க
மகனுக்கு வைத்தாள்.

அவன்தான் நேற்று எங்களுக்கு நடுவில்
சோளப்பொரியோடு உட்கார்ந்திருந்தான்.

திரையில் கத்தி வந்தது. கை வந்தது.
கேமரா மெல்ல மேலேறி
முகத்துக்குப் போயிற்று.
ஷிமே சிரிக்கிறான். பெட்டியில் தங்கம்.
பொறுமையாக அறுக்கிறான், ரொட்டி அறுப்பதுபோல.

"மாமா, நான்தான் வில்லன்!"
இருக்கையில் எகிறிக் குதித்தான் பையன்.
அவ்வளவு சந்தோஷத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை.

டுன்யா வெளிச்சம் வரும்வரை பேசவில்லை.
பனியில் கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்:
"கெடுத்துவிட்டார்கள்.
ஒரு கதையை அப்படியே எடுக்க
இவர்களுக்கு என்ன கேடு?
நீ சொல்லேன், நீதானே படித்தவன்."

மாற்றிவிட்டார்கள் என்றேன்.

உண்மையாகவும் இருக்கலாம் அது.
படமெடுத்தவர்கள் தங்கத்தை நுழைத்திருக்கலாம்.
வரைந்தவர் வேறெதையோ வரைந்திருக்கலாம்.
பத்து வயதில் நான் குருட்டாம்போக்கில் எறிந்த கல்
மாங்காயிலேயே பட்டிருக்கலாம்.

இன்று ஞாயிறு. நைலான் சந்தை.
துருப்பிடித்த சுத்தியல்களுக்கும்
ஒற்றை ஸ்கேட்டிங் காலணிக்கும் பக்கத்தில்
கண்ணாடித்தாள் உறையில் ஒட்டிச் சீல் வைத்து
நாற்பத்தேழு.
அட்டையில் கடல் மட்டும். ஆளில்லை.
நீலம்கூடக் கட்டத்தை விட்டு
இரண்டு மில்லிமீட்டர் வழிந்திருந்தது.

விலை கேட்டேன்.
சொன்னான். உறையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது,
வாங்கிவிட்டுப் பார் என்றான்.

கையுறையைக் கழற்றிப் பையைத் தொட்டேன்.
முதல்முறையாக
என்னிடம் சரியான சில்லறை இருந்தது.

வீட்டுக்குப் போய் எடுத்து வருகிறேன் என்றேன்.