மூழ்கும் குளிசை

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில்
நான்காம் மாடியை எங்களுக்கு வாடகைக்குத் தந்தபோது
தாசிம் ஹாஜியார் சொன்னார்:
"மீன்தொட்டி வீட்டோட சேர்ந்தது. அசைக்க ஏலாது.
சாப்பாடு மட்டும் போடுங்க."
ஒப்பந்தத்தின் ஐந்தாம் பந்தியிலும் அது இருந்தது,
தண்ணீர் மோட்டாருக்கும் குப்பை எடுக்கும் நாளுக்கும் நடுவில்.

போட்டோம். காலையில் ஒரு சிட்டிகை,
பல் தீட்டிக்கொண்டே, மற்றக் கையால்.
மேலே வாய்கள் திறந்தன:
கப்பிகள், நியோன் டெட்ராக்கள், வரிபோட்ட நாலு பார்ப்.
கடைசியில் ஏஞ்சல், அவசரமில்லாமல் திரும்பி வந்து
மிச்சத்தையும் எடுத்தது.
அடியில் ஆறு மீசைக்காரர்
மணலை மூக்கால் கிண்டிக்கொண்டிருந்தனர்.
அவை கழிவு தின்று வாழும் என்றாள் கிருபாலினி.
யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
எனக்கும் அது வசதியாக இருந்தது.

மூன்றாம் கிழமை ஒன்று சரிந்து கிடந்தது.
வயிறு உட்குழிந்து, கரண்டி மாதிரி.
டிஷ்யூவில் சுற்றும்போது குத்தியது
செத்த பிறகும் விறைத்து நின்ற செட்டை முள்.
அன்று முழுக்க வவுச்சர்களுக்கு இடையே
கட்டைவிரல் கடுத்தது.

பின்னேரம் நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் தெஹிவளை.
விஜேபாலவின் கடையில் சுவரெல்லாம் தண்ணீர்.
"அது தொட்டி கழுவுற ஆள் என்று..."
நான் முடிக்கவில்லை.
"கழுவுறது நீங்க மிஸ். அது மீன்."
சிரிக்காமல் சொன்னார்.
சின்னப் போத்தல், மூழ்கும் குளிசை, அறுநூற்றைம்பது ரூபா.
"இரவு லைட்டை அணைச்சு, அரை மணித்தியாலம் பொறுங்க."

பொறுக்கவில்லை நான். வெளிச்சத்திலேயே போட்டேன்.
பார்ப்கள் அதைப் பந்தாக உருட்டின.
ஏஞ்சல் விழுங்கியது, துப்பியது,
மற்றவை பார்க்கிறதா என்று பார்த்து மறுபடி விழுங்கியது.
மீசைக்காரர் வந்து சேர்ந்தபோது
மணம் மட்டும் மிச்சம்.

இப்போது எனக்கு ஒரு களவு தெரியும்.
இடது மூலையில் செதில் தீன், கூட்டம் அங்கே.
பிறகு இருட்டு.
கடைசி ரயில் போகும்; தண்ணீர் தோல் சிலிர்க்கும்;
வலது மூலையில் இரண்டு குளிசை, சத்தமில்லாமல்.
அவை பொருமி, ஓரம் உதிர்ந்து,
வாசம் மணலில் நடந்து போய்
ஒவ்வொருவராய்க் கூட்டி வரும்.

வார்டில் இருந்து கிருபாலினி பதினொன்றுக்கு வருவாள்.
சுவிட்சைத் தொடமாட்டாள்.
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து
இடியப்பத்தில் ஆறின சொதியை ஊற்றி
இருட்டிலேயே பிசைவாள்.
"எத்தனை?"
"அஞ்சு."
அவள் விழுங்கும் சத்தம்.

விஜேபால சொன்னபடி ஞாயிறு இரவு
வெள்ளரிக்காய் ஒரு வட்டம்.
அது மிதந்தது. முள்ளுக்கரண்டியால் குத்தி அமிழ்த்தினேன்.
இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்,
சுரண்டும் சத்தம்.
மொபைலை விரலால் மூடி, ஒரு கீற்று வெளிச்சம்:
கட்டைக்குப் பின்னாலிருந்து
உள்ளங்கை நீளத்தில், கரும்பட்டை மாதிரி,
வாயையே காலாக ஊன்றி
வெள்ளரியைப் பிடித்திருந்தது ஒன்று.
ஐந்தாம் பந்தியிலும் இல்லை, எங்கள் எண்ணிக்கையிலும் இல்லை.

விடிந்ததும் ஹாஜியாருக்கு அழைத்தேன்.
"அதுவா," என்றார். "அது இன்னும் இருக்குதா?"
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
மகன் விட்டதாம். எட்டு வருசமாம்.
பிறகு, மாத வாடகை போட்டாச்சா என்று கேட்டார்.

தொட்டியில் பச்சைத் தோல் ஒரு வளையலாகக் கிடந்தது,
நடுவில் முள்ளுக்கரண்டி நிமிர்ந்து நின்றது.
எங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு.
சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவினேன்.
கிருபாலினிக்கு நூடில்ஸோடு அதைத்தான் கொடுத்தேன்.
சொல்லவில்லை.