எட்டுச் செலவு

ரிப்போர்ட் இருந்த கடித உறையை
கிளினிக் மிஸ் என்னட்டைத்தான் தந்தா.
"நீங்கள்தானே ஈரல் குடுக்கிற ஆள்?"
ஓம்.
வலப்பக்கம், அரைவாசிக்கும் கூட.
கையெழுத்தும் வைச்சாச்சு.

சோதனையின்ரை பேர் பெத்.
சிவப்பணுவின்ரை தோலிலை
சாராயம் வைச்சிட்டுப் போற கைநாட்டு எண்டார் டொக்டர்.
மூச்சு விடியமுன்னம் மறந்திடும்.
மூத்திரம் நாலைஞ்சு நாளிலை.
இது மூண்டு நாலு கிழமைக்கு மறவாது.

அண்ணா வாங்கிலிலை இருந்தான்.
மஞ்சள் கண், பெல்ற்றிலை ஆணியாலை குத்தின புது ஓட்டை,
மடியிலை நான் அவிச்ச இடியப்பம், திறக்காமல்.

நூற்று அறுபத்திரண்டு நாள்
தயாபரன் ஒரு துளி தொடேல்லை.
கோண்டாவில் தவறணையைக் காணாமல்
தோட்டத்து ஒழுங்கையாலை சுத்திச் சுத்திச் சைக்கிள் உழக்கினவன்.
கலண்டரிலை நீலப் பேனையாலை
ஒவ்வொரு நாளா வெட்டினது நான்.

பெத்த தகப்பன் செத்த எட்டாம் நாள்
படையலுக்கு என்ன வைக்கிறது எண்டு பெரியப்பா கேட்டார்.
ஐயாவுக்கு விருப்பமானதெல்லாம் எண்டன்.
கணவாய்க்கறி, அவிச்ச முட்டை, சுருட்டு,
ஒரு அரைப் போத்தல்.
வாங்கி வந்தது ஆரோ.
கிளாசிலை ஊத்தினது நான்,
விளிம்புவரை, சிந்தாமல்,
செத்தவர் குறை சொல்லப்படாது எண்டு.

கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை நிண்டம்.
திறந்தால்
கணவாய் அப்பிடியே கிடக்கு.
கிளாஸ் வெறுமை. போத்தலும் வெறுமை.
மாமி கைகூப்பினா:
"வந்திட்டுப் போட்டார்."
ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை.
பின்கதவுக் கொண்டி விலகிக் கிடந்தது.
நான்தான் போய்க் கொளுவினன்.
அண்டிரவும் கலண்டரிலை வெட்டினன்.
அடுத்த நாளும்.
இண்டைக்கு நூற்று எண்பத்திமூண்டு.

ஐஸ்பெட்டியிலை கொழும்புக்குப் போன இரத்தம்
மாமியை நம்பேல்லை.

"குடிச்சனீங்களோ?"
அண்ணா இடியப்பப் பார்சலைப் பாத்துக்கொண்டு
"ஐயா குடிச்சவர் எண்டு எழுதேலாதோ?" எண்டான்.
டொக்டர் சிரிக்கேல்லை, கோவிக்கவும் இல்லை.
பேரை இப்போதைக்கு நிப்பாட்டுவம்,
திரும்ப எண்ணுவம் எண்டார்.
எத்தினை நாளுக்கு இந்த ஈரல் தாங்கும் எண்டு
நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.
என்ரை கையைக் குத்திப் பாத்திருந்தால்
சுத்தமெண்டுதான் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரி றோட்டிலை பஸ்ஸுக்கு நிக்க
பெரியப்பா போன் எடுத்தார்.
நாளையிண்டைக்குக் கீரிமலை, முப்பத்தொண்டு;
சாமான் எழுதட்டோ?
எழுதுங்கோ.
தர்ப்பை, எள்ளு, வாழையிலை,
பச்சையரிசி இரண்டு கிலோ,
பின்கதவுக்கு
ஒரு ஆமைப்பூட்டு.