வியாழன், மூன்று முதல் ஐந்து வரை

வால்டிவியாவில் மார்ச். மழை இந்த வருடம் முந்திக்கொண்டது.
நாற்பத்தொரு குடைகள் கதவோரம் சொட்டுகின்றன.
பாடத்திட்டம் வாசித்தாயிற்று.
பதினோரு நிமிடம் மீதி.
பையை மூடாதீர்கள்.

என் அறை இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கு எதிரே.
கதவில் ஒட்டியிருக்கிறேன்:
வியாழன், மூன்று முதல் ஐந்து வரை.
போன வருடம் முழுக்க வந்தது நான்கு பேர்.
அதில் ஒருத்தர் ஸ்டேப்ளர் கேட்டு வந்தவர்.
மற்ற வியாழன்களில்
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடல்சிங்கங்கள் கத்துவதைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
அவற்றுக்குக் கூச்சமே இல்லை.
அழுத பிள்ளைக்குப் பால் என்றால்
கத்திய கடல்சிங்கத்துக்கு மீன்தலை.

சரியான விடையோடு வராதீர்கள்,
அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது.
தப்பைக் கொண்டு வாருங்கள்,
அடித்துத் திருத்தாமல், மை காயாமல்.

ஏப்ரலில் மண்குழி தோண்டுவோம். ஒன்றரை மீட்டர்.
பாதிப் பேர் மேலே நின்று
நான் இருமுவதைக்கூடக் குறிப்பெடுப்பீர்கள்.
இறங்குங்கள்.
எரிமலைச் சாம்பலில் பிறந்த மண்
விரலிடுக்கில் அழுத்தினால் சோப்பாக வழுக்கும்.
அந்த வழுக்கலுக்கு நோட்டில் இடமில்லை.
பேண்ட் அழுக்காகும். ஆகட்டும்.

என்ன, எலியாசர் வைக்கிமியா?
இது பரீட்சையில் வருமா என்றா?
வரும்.
எந்த வருடம் என்றுதான் எனக்குத் தெரியாது.

சிரியுங்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான்.
இல்லை, பொய். நான் அதைக்கூடக் கேட்டதில்லை.
ஐந்து வருடம், எல்லாப் பாடத்திலும் ஏழுக்கு ஏழு,
ஜன்னலோரக் கடைசி பெஞ்சு,
வாயைத் திறந்தது கொட்டாவிக்கு மட்டும்.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர்
பட்டமளிப்பு மேடையில் மைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது:
ஓரியானா மன்சீயா.
அவள் குடையும் என் குடையும்
ஐந்து குளிர்காலம் ஒரே மூலையில் சொட்டியிருக்கின்றன.
அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு
மேடையின் அந்தப் பக்கப் படியில் இறங்கினாள்.
நான் இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன்.

வேறு அறிவுரை கைவசம் இல்லை.
நூலகத்தில் ஹீட்டர் பக்கத்து மேசைக்கு எட்டரைக்கே போய்விடுங்கள்.
கேன்டீன் பருப்பு சூப் செவ்வாயன்று வேண்டாம்.
எழுவதற்கு முன்
பக்கத்தில் இருப்பவரிடம் பெயர் கேளுங்கள்.
இப்போதே. நான் பலகையை அழிக்கிறேன்.

முதலில் ஒன்றும் இல்லை.
பிறகு நாற்காலி கிரீச்சிட்டது.
பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரே சந்தை.

எல்லோரும் போனபின் பார்த்தேன்,
கதவோரம் ஒரு நீலக்குடை.
வெளியே கொட்டுகிறது.
யாரோ யாருடைய குடையிலோ போயிருக்கிறார்கள்.

எடுத்து வைத்திருக்கிறேன்.
வியாழக்கிழமை வந்து
கேட்டால் தருவேன்.