மூட்டை

காந்தலில் மழை விட்ட மதியம்.
பத்து மாதக் குட்டியின் பின்னங்காலை
மடியில் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.
பேர் தகரம்.
பிறந்த அன்றே கொட்டகைத் தகரத்தை உதைத்து
சந்தையே எழுப்பியதாம்.
இப்போது உதைப்பதில்லை.

முட்டியில் வீக்கம்.
அழுத்தினால் வலி காட்டவில்லை,
பிதுங்கி மறுபக்கம் போகிறது
பால் பாக்கெட்டின் மூலையைப் போல.

"அடி பட்டிருக்கும் டாக்டரம்மா" என்கிறார் காஜா மொய்தீன்,
ஏரிக்கரையில் இதன் தாயை வாடகைக்கு நடத்துபவர்.
படத்தில் அடி இல்லை.
எலும்பின் விளிம்பில் ஒரு குழி,
பக்கத்தில் மக்காச்சோள மணி அளவில்
எதனோடும் ஒட்டாத ஒரு துணுக்கு.

என்ன தின்கிறது?
கேட்டதும் நூர்நிஷாவின் முகம் விரிகிறது.
பாலாடாவில் கேரட் கழுவுமிடத்தில் அவளுக்கு வேலை.
வெடித்தது, ரெட்டைக்கால் முளைத்தது,
கழுத்து முறிந்தது,
லாரி ஏறாத எல்லாம்
மாலையில் ஒரு மூட்டையாக இவள் தலையில் வீடு வரும்.
அதோடு தவிடு. சோளம்.
டூரிஸ்ட்டுகள் விட்டுப்போன வர்க்கி.
வெல்லம், வெள்ளிக்கிழமை மட்டும்.
"பாருங்க, எப்படி வளந்திருக்கான்னு!"

வளர்ந்திருக்கிறது. அதுதான்.

மூட்டைக் கெடுத்தது மூட்டை
என்றால் சிலேடை ஆகிவிடும்.
சொல்லவில்லை.

ஒவ்வொரு இனிப்புக்கும் கணையம் இன்சுலினை ஊற்றுகிறது.
அது சர்க்கரையை மட்டும் தேடிப் போவதில்லை,
போகிற வழியில் குருத்தெலும்பின் கதவையும் தட்டுகிறது:
வளர், இன்னும் வளர்.
போதும், இனி முதிர், எலும்பாகு என்று
தைராய்டு சொல்லும் சொல்
அந்தச் சத்தத்தில் கேட்காமல் போகிறது.
முதிராத குருத்துக்குள் ரத்தக்குழாய் வருவதில்லை.
தடித்துக்கொண்டே போய்
அடியில் காய்ந்து
ஒரு நாள் பாளம் விட்டு உதிர்கிறது.
இத்தனை தீனி இருந்த வீட்டில்
ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டினி.

வளர்சிதைமாற்றம்.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொல்.
வளரும் சிதையும்
இடையில் ஒரு புள்ளிகூட விடாமல்
எழுதுவார்கள் என்பதை
இந்தக் கொட்டகையில்தான் கவனிக்கிறேன்.

"கேரட்டை நிறுத்துங்க" என்றேன்.
"கேரட்டையா?"
ஊட்டியில் நின்றுகொண்டு சொல்கிறேன்.
"புல்லைக்கூட ஊறவெச்சு, தண்ணிய வடிச்சுட்டுக் கொடுங்க."
"சத்தெல்லாம் தண்ணியோட போயிடுமே."
"போகட்டும். அதுக்குத்தான்."

தகப்பன் ரேஸ் குதிரை, அந்த வழியில் வந்ததோ
என்று காஜா மொய்தீன் இழுக்கிறார்.
இருக்கலாம், பரம்பரையாலும் வரும் என்று
சட்டென்று அதைப் பிடித்துக்கொள்கிறேன், அவளுக்காக.
அவள் பிடித்துக்கொள்ளவில்லை.
உள்ளே போனாள்.
பாய்க்கு அடியிலிருந்து
பெரியாஸ்பத்திரி உறை ஒன்றோடு வந்தாள்.

"இது என்னுது. போன தையில எடுத்தது."
இரண்டு படங்களையும் ஜன்னலில் சேர்த்துப் பிடிக்கிறாள்.
பதினோரு வருடம் ஈரத்தில் நின்ற முட்டி,
எலும்பும் எலும்பும் உரசிக்கொள்ளும் தூரத்தில்.
"எனக்குத் தேஞ்சு போச்சு.
அவனுக்கு இன்னும் ஆகவே இல்ல.
அப்படித்தானே?"
அப்படித்தான்.
எனக்கு இதைச் சொல்ல
மூன்று பக்கம் வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்துப் போனேன்.
வீக்கம் வற்றியிருக்கலாம்,
நாடா வைத்து அளந்தும் உறுதியில்லை.
துணுக்கு அங்கேயேதான் இருக்கிறது.
அறுவை என்றால் ஊரிறங்க வேண்டும், பணம் வேண்டும்;
இரண்டைப் பற்றியும் பேசாமல் டீ குடித்தோம்.

ஐந்தரைக்கு அவள் சந்து திரும்பினாள், தலையில் ஒன்றுமில்லாமல்.
குட்டி காதை நிமிர்த்தியது.
வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.
நகக்கண்ணில் தங்கிய மண்ணை, வாசனையை
அது நெடுநேரம் நக்கியது.
வேறெதுவும் வராது என்று தெரிந்ததும்
திரும்பித் தகரத்தில் ஒரு உதை.

சந்து முழுக்கக் கேட்டது.
எந்தக் காலால் என்று
பார்க்கத் தவறிவிட்டேன்.