விட்ட மீன்

என் பெயருக்கு மழையோடு வந்தவள் என்று பொருள்.
முதல் நாள் இரவே அதைச் சொல்லியிருக்கக் கூடாது.
மறுநாள் ஆறு தேநீர் நிறத்தில் வந்தது.
அதற்கடுத்த நாள், பால் கூடிப்போன தேநீர்.
மூன்றாம் நாள் செத்த ஆடு ஒன்றையும் உருட்டிக்கொண்டு வந்தது.
வெர்ஹெய்டன் ஐயா காலையில் கூடாரத் திரையை விலக்கி
முதலில் ஆற்றைப் பார்ப்பார்,
பிறகு என்னை.

ஆறு நாளுக்குப் பணம் கட்டியவர்.
ஆன்ட்வெர்ப்பிலிருந்து இரண்டு விமானம், ஒரு ஜீப்,
கடைசி மலைக்கு மட்டக்குதிரை.

மழை நாளில்தான் வழிகாட்டிக்கு வேலை அதிகம்.
காலுறைகளை அடுப்பருகே திருப்பித் திருப்பிப் போட வேண்டும்.
அவர் பெட்டியைத் திறந்து, தானே கட்டிய ஈக்களைக் காட்டும்போது
நேற்றுப் பார்த்ததையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.
கோழி இறகு, முயல் மயிர், செம்புக் கம்பி;
உயிரைத் தவிர எல்லாம் இருக்கிற பூச்சிகள்.
இதற்கு என் மனைவியின் பெயர், என்றார் ஒன்றைத் தொட்டு.
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
செத்துவிடவில்லை, என்றார்.
கென்ட் நகரில் இருக்கிறாள். ஒரு பல் மருத்துவரோடு.

ஐந்தாம் நாள் விடியுமுன் சத்தம் மாறியிருந்தது.
கல்லை மறைக்கிற ஆறு ஒரு மாதிரிப் பேசும்,
கல் தெரிகிற ஆறு வேறு மாதிரி.

என் கண், அவர் கை. அதுதான் ஏற்பாடு.
பாறைமேல் நான் படுத்துக்கொள்வேன்,
கீழே இடுப்பளவு குளிரில் அவர்.
நிழல்தான் முதலில் தெரியும்,
நிழலுக்குச் சற்று மேலே
நிழலைவிட மங்கலாக, மீன்.
இடப்பக்கம், பதினைந்து முழம். குட்டை. மறுபடி.
குட்டை.
இறங்கிப்போய் நூலை வாங்கி ஈயை மாற்றினேன்.
பல் மருத்துவரிடம் போனவளைக் கட்டினேன்.

பொறுங்கள்
பொறுங்கள்
வெள்ளையாய் ஒரு வாய் திறந்து மூடியது
இப்போது!

சுருள் அலறியது. இரண்டு வளைவு தாண்டி ஓடினோம்,
நான் அவர் பெல்ட்டைப் பிடித்தபடி.
வலையில் கிடந்தது
எண்ணெய் தேய்த்த பித்தளைபோல் ஒரு மஞ்சள் மீன்.
எதிர்முள் நசுக்கிய கொக்கி, தொட்டதும் கழன்றது.
கையை நனைத்து எடுத்தார், முத்தமிட்டார்,
தன் மொழியில் ஏதோ சொல்லித் தண்ணீரில் விட்டார்.
அது உடனே போகவில்லை.
அவர் கணுக்கால் அருகே கொஞ்சம் நின்றது.

அக்கரையில் மோலெஃபி வீட்டுப் பையன்,
ஆடுகளை விட்டுவிட்டு, போர்வைக்குள் முழங்காலை மடித்து,
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன்
எங்கள் மொழியில் கூவினான்:
அக்கா, அந்த மீனுக்கு என்ன நோய்?

என்ன சொல்கிறான், என்றார் வெர்ஹெய்டன் ஐயா.
வாழ்த்துகிறான், என்றேன்.
அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவள் நான்தான்:
தின்றால் ஒரு மீன் ஒரு தடவை,
விட்டால் பத்துத் தடவை விற்கலாம்.
பள்ளிக்குத் தகரக் கூரை அப்படித்தான் வந்தது.
கை தட்டினார்கள்.
அந்தப் பையன் அன்றைக்கு மலையில் இருந்திருப்பான்,
ஆடுகளோடு.

ஆறாம் நாளும் முடிந்து, அவரைக் குதிரையில் ஏற்றிவிட்டு,
கணவாய்க் கடையில் அவர் தந்த பணத்தை மாற்றினேன்.
சோள மாவு, மண்ணெண்ணெய், டின் மீன் இரண்டு.
லெசோத்தோவுக்குக் கடல் இல்லை.
டின்மேல் மட்டும் ஒரு கப்பல் போகிறது.
இரவில் திறந்தேன். தலையில்லை, கண்ணில்லை,
தக்காளிச் சாற்றில் மெத்தென்ற முள்ளோடு மூன்று பேர்.
இவர்களை யாரும் முத்தமிட்டிருக்க மாட்டார்கள்.
சோளக் களியோடு நன்றாகத்தான் இருந்தது.
விரலையும் நக்கினேன்.

போகும்போது என் சட்டைக் காலரில் குத்திவிட்டுப் போயிருக்கிறார்
அந்த ஈயை. படுக்கையில் புரண்டபோதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை நார்வேயிலிருந்து இரண்டு பேர்.
பெயர் கேட்டால் பெயரை மட்டும் சொல்வேன்.