வயது ஒன்பது

கறுவாத்தோட்டத்தில் இப்போது கறுவா இல்லை.
தூதரகங்கள். பிறத்தியார் நாய்களை
நடத்திக்கொண்டு போகும் சீருடைக்காரர்கள்.
அங்கே ஒரு கந்தோரின் பின்கட்டில் எனக்கு வேலை.
மேன்பவர் ஆள். நிரந்தரக்காரருக்கு நீல நாடா,
எனக்கு மஞ்சள்.
விரல் வைக்கும் இயந்திரம் மூன்று தரம் மறுத்து
நான்காம் தரம் என்னை நம்பும்.

இலாச்சியைத் திறந்தால் தோம்பு.
கந்தோர், இலாச்சி, தோம்பு...
ஒல்லாந்தன் கப்பலேறி இருநூறு வருசத்துக்கு மேலே,
அவன் மறந்துவிட்டுப் போன சொற்களுக்குள் உட்கார்ந்துதான்
நான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

அவன் மொழியில் எனக்குப் பதினான்கு சொல் தெரியும்.
பெயர். தகப்பன். வயது. கடன். ஓடிப்போனான். செத்தான்.
இந்த வேலைக்கு அது போதும்.
ஒரே ஆள் இரண்டு ஏட்டில் இருந்தால்
கண்டுபிடித்து இணைக்க வேண்டும்.
ஓர் இணைப்புக்கு ஏழு ரூபாய்.

வெலித்தரை உக்குவாவை அப்படித்தான் கண்டேன்.
கறுவா உரிக்கிறவர்களின் ஏடு.
பன்னிரண்டு வயதானால் கையில் கத்தி கொடுப்பார்கள்,
காட்டுக்கு அனுப்புவார்கள்,
பட்டை இத்தனை றாத்தல் என்று தாளில் எழுதுவார்கள்.
குறைந்தால் முதுகில் எழுதுவார்கள்.

உக்குவா, இடப்புருவத்தில் வடு, வயது ஒன்பது.
இரண்டு வருசம் கழித்து
அதே உக்குவா, வயது ஒன்பது.
இன்னும் இரண்டு வருசம். ஒன்பது.
மூன்றாம் எழுத்துக்காரன் ஓரத்தில்
மை தெறிக்க ஒரு வரி கிறுக்கியிருந்தான்.
என் பதினான்கு சொல்லில் அது இல்லை.
மேசைக்கு மேசை கேட்டு அறிந்தேன்:
பல்லைப் பார்க்கவும்.

தாய்க்குத் தோம்பில் கட்டம் கிடையாது.
ஆனாலும் அந்த ஒன்பது
அவள் கையெழுத்து.

எங்கள் லயத்தில் பேர் என்றால் ஆளில்லை, ஒருநாள் கூலி.
கொழுந்து நிறுத்துச் சரியாயிருந்தால் முழுப்பேர்,
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
மழை மாதங்களில் அம்மா அரைப்பேரோடுதான் வீடு வருவாள்.
மற்ற அரைவாசியை
எங்கே வைத்திருந்தாள் என்று நான் கேட்டதில்லை.

நான்காம் ஏட்டில் உக்குவா செத்தான்.
எந்த நோய் என்றில்லை. எந்த மாதம் என்றில்லை.
நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.
நாலு நாள் கழித்து, வேறொரு கட்டில்,
பாணந்துறை மீன்காரர் ஏட்டின் கடைசியில்
புதிதாக ஒருவன்: ஹின்னியா,
தகப்பன் தெரியாது,
வயது பதினாறு, இடப்புருவத்தில் வடு.

ஒரேயடியாக வளர்ந்திருந்தான்.

கடற்கரை வழியே எத்தனை இரவு நடந்தார்களோ.
அவனுக்கு மீசை அரும்பியிருக்கும்;
கட்டுமரத்தில் ஏறத் தெரியாமல்
விழுந்து எழுந்திருப்பான்.
பழைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டால்
திரும்பாதிருக்கப் பழகியிருப்பான்.
அதுதான் கஷ்டம். கத்தியைவிட.

திரை கண்டுகொண்டது.
இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி
வடுவை மஞ்சளாக்கி
தொண்ணூற்றொரு வீதம் பொருத்தம் என்றது.
ஒரே நபரா? ஆம். இல்லை.

மாத முடிவு. என் எண்ணிக்கை குறைவென்று
ரொஷாந்தி மிஸ் காலையில்தான் சொன்னார்,
கோபமில்லாமல், தாளைப் பார்த்து.
வெளியே தூதரகத்து நாயொன்று
எதற்கோ விடாமல் குரைத்தது.

இத்தனை காலம் கழித்தும்
பல்லைப் பார்க்க வருகிறார்கள் உக்குவா,
இந்த முறை என் விரலோடு.

இல்லை என்பதை அழுத்தினேன்.
அதற்கு நான்கு தரம் தேவைப்படவில்லை.

ஏழு ரூபாய்.
தேத்தண்ணிக்கும் காணாது.
திரை அடுத்த பெயரைக் கொண்டுவந்தது.